ஆலைக் கணினியும் சிங்கப்பூர் சேர்வரும் ஒரே கிளஸ்டரில்: பிங் போகிறது, அறிக்கை தொங்கி நிற்கிறது

நெல்லறை (சம்மாந்துறை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லோருக்கும்.

நெல் ஆலை ஒன்றுக்கு நிறுவை, கொள்வனவு மென்பொருள் செய்து கொடுத்து, அதைப் பராமரித்தும் வருகிறேன். லொறி உள்ளே வந்ததும் நிறையையும் ஈரப்பதத்தையும் பதிந்து விவசாயிக்குப் பற்றுச்சீட்டு அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். பல கணினிகளை ஒன்றாக இணைத்துச் செயலிகளை ஓட்டும் கே3எஸ் (சிறிய குபெர்னெட்டீஸ்) கிளஸ்டரில் மூன்று நோட்கள், அதாவது மூன்று கணினிகள். இரண்டு, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சேர்வர்கள். ஒன்றில் கட்டுப்பாட்டுப் பகுதி, மற்றதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். மூன்றாவது ஆலை அலுவலகத்துக் கணினி, 4ஜி ரவுட்டர் வழியாக இணைகிறது. அந்த ரவுட்டருக்குப் பொது ஐபி கிடையாது, 100 என்று தொடங்கும் முகவரிதான். ஆகவே மூன்றுக்கும் இடையே வயர்கார்ட் (குறியாக்கிய விபிஎன் சுரங்கம்) போட்டு, கே3எஸ்ஸை அதன் மேல் நிறுவினேன். நோட் ஐபியாக வயர்கார்ட் முகவரி, பொட்டுகளுக்கு (செயலி ஓடும் கன்டெய்னர்களுக்கு) வலை போடும் ஃபிளானலுக்கு வயர்கார்ட்டின் டபிள்யூஜி0 இடைமுகம்.

இப்போது நடப்பது இது:

நோட்கள் எல்லாம் ரெடி என்று காட்டுகின்றன. ஆலையில் ஓடும் பொட்டிலிருந்து போஸ்ட்கிரெஸ் பொட்டுக்கு பிங் போகிறது. போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல் கட்டளையில் சின்னக் கேள்வி கேட்டால் உடனே பதில். ஒரு விவசாயியின் விவரம் திறக்கிறது. ஆனால் மாதக் கொள்வனவு அறிக்கையை அழுத்தினால் அப்படியே தொங்குகிறது; பிழைச் செய்தியும் இல்லை, கடைசியில் நேரம் முடிந்து விழுகிறது. அதே அறிக்கை சிங்கப்பூர் நோட்டில் ஓடும் பொட்டில் நொடியில் வருகிறது. ஆலைக் கணினியில் புதிய இமேஜ் இறக்குவதிலும் சிக்கல் இல்லை, ஆகவே இணைய வேகத்தைக் குறை சொல்ல முடியவில்லை.

யமல் கட்டமைப்புக் கோப்புகளில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. எங்கே தொடங்கிப் பார்ப்பது?

கல்லடிக்கரை (மட்டக்களப்பு)

யூடிபி 8472 திறந்திருக்கிறதா? நோட்களுக்கிடையே பொட் பக்கெட்டுகளைச் சுமக்கும் ஃபிளானலின் விஎக்ஸ்லான் அந்தப் போர்ட்டில்தான் போகும். சிங்கப்பூர் சேர்வர்களின் ஃபயர்வோலில் அதை எல்லோருக்கும் திறந்து பாருங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

தம்பி நெல்லறை, தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். விஎக்ஸ்லானில் குறியாக்கமும் இல்லை, யார் அனுப்புகிறார் என்று சரிபார்ப்பதும் இல்லை. 8472 இணையத்துக்குத் திறந்து கிடந்தால் வெளியில் இருக்கும் ஒருவர் உங்கள் பொட் நெட்வேர்க்குக்குள் பக்கெட் நுழைக்கலாம். கே3எஸ் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் அமைப்பில் விஎக்ஸ்லான் வயர்கார்ட்டுக்குள் போகிறது, ஆகவே வெளியே திறக்க வேண்டியது வயர்கார்ட்டின் யூடிபி போர்ட் ஒன்றுதான்.

அதோடு, போர்ட் மூடியிருந்தால் பிங்கும் போயிருக்காது, சின்னக் கேள்விக்குப் பதிலும் வந்திருக்காது. சின்னது போகிறது, பெரியது தொங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த அறிகுறியைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது எம்டியூவைத்தான், அதாவது ஒரு பக்கெட்டின் உச்ச அளவை.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பொட்டிலிருந்து வரும் பக்கெட்டை ஃபிளானல் இன்னொரு பக்கெட்டுக்குள் போடுகிறது. விஎக்ஸ்லான் தலைப்புகளுக்கு 50 பைட். அதை வயர்கார்ட் மறுபடியும் குறியாக்கி இன்னொன்றுக்குள் போடுகிறது. ஐபிவி4 மேல் போனால் அதற்கு 60 பைட். சாக்குக்குள் சாக்கு மாதிரி. வயர்கார்ட் இடைமுகம் வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்ளும், ஃபிளானல் அதைப் பார்த்து 50ஐக் கழித்துப் பொட்டுகளுக்கு 1370 கொடுக்கும். ஆகவே ஒரு நிறைந்த பக்கெட் ஆலையை விட்டு வெளியேறும்போது 1480 பைட்.

வழி முழுவதும் 1500 தாங்கும் என்றால் இது போதும். வீட்டு ஃபைபர் இணைப்பில் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தோடு இணையும் ஒரு முறை) இருந்தால் 1492, அதிலும் 1480 நுழையும். ஆனால் 4ஜி வழியில் அதைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். நுழையாத பக்கெட் ஒன்று துண்டாக்கப்படும், அல்லது வீசப்படும். பல பேர் ஒரே பொது ஐபியைப் பகிரும் அமைப்புகளில் துண்டுகள் மறுபக்கம் வந்து சேராமலே போவதுண்டு. மறுபக்கம் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, காத்துக்கொண்டே இருப்பார். டிசிபி கைகுலுக்கல் பக்கெட்டுகள் சின்னவை என்பதால் இணைப்பு கிடைத்தது போலத் தெரியும். முதல் நிறைந்த பக்கெட்டில் நின்றுவிடும்.

இமேஜ் இறங்குவது ஏன் சரியாக நடக்கிறது? அது சுரங்கத்துக்குள் போகவில்லை. நோட் நேரே இணையத்துக்குப் போய் இறக்குகிறது. நீங்கள் தந்த விவரங்களில் என்னை உறுதியாக எம்டியூ பக்கம் திருப்பியது அதுதான்.

அளந்து பாருங்கள். ஆலைக் கணினியிலிருந்து சிங்கப்பூர் சேர்வரின் பொது ஐபிக்கு, வயர்கார்ட் முகவரிக்கு அல்ல, "பிங் -எம் டூ -எஸ் 1472" என்று கொடுங்கள். "எம் டூ" என்றால் துண்டாக்காதே என்று அர்த்தம். 1472 தரவு, 28 தலைப்பு, மொத்தம் 1500. போகவில்லை என்றால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகிற மிகப் பெரிய எண்ணோடு 28ஐக் கூட்டினால் அதுதான் உங்கள் வழி தாங்கும் அளவு.

கல்லடிக்கரை

அக்கா சொல்வது சரி, 8472 விஷயத்தை விட்டுவிடுங்கள். ஒரு சந்தேகம் மட்டும்: வழி குறுகினால் நடுவிலுள்ள ரவுட்டர் "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டுமே?

வாவிக்கரை

அனுப்ப வேண்டும். பல ஃபயர்வோல்கள் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்து வைத்திருப்பதால் அது வந்து சேருவதில்லை. சுரங்கம் இருக்கும்போது இன்னொரு சிக்கல்: அப்படி ஒரு செய்தி வந்தாலும் அது சுரங்கத்தின் வெளி முகவரிக்குத்தான் வரும், உள்ளே இருக்கும் பொட்டுக்குத் தெரியாது. அதை நம்பியிருக்காமல் அளந்து வைப்பதே நல்லது.

நெல்லறை

அளந்தேன் அக்கா. 1412 போகிறது, 1413க்குப் பதில் இல்லை. மதியமும் இரவும் பார்த்தேன், அதே அளவுதான். அப்படியானால் 1440.

வாவிக்கரை

சரி, கணக்கு நேராக இருக்கிறது. 1440இல் 60 போக 1380. அது வயர்கார்ட்டுக்கு. அதில் 50 போக 1330. அது பொட்டுகளுக்கு.

டபிள்யூஜி0 கட்டமைப்பில் எம்டியூ 1380 என்று மூன்று நோட்களிலும் எழுதுங்கள். ஆலையில் மட்டும் மாற்றினால் டிசிபி அல்லாத பக்கெட்டுகள் சிங்கப்பூரிலிருந்து பழைய அளவில் வரக்கூடும். மறுகா நோட்களை ஒவ்வொன்றாக மீள இயக்குங்கள். ஏற்கெனவே ஓடும் பொட்டுகளின் இடைமுகங்களில் பழைய எண்ணே ஒட்டியிருக்கும். பொட் புதிதாக உருவாகும்போதுதான் புதிய எண்ணை எடுக்கும். ரன் கோப்புறைக்குள் ஃபிளானல் என்றொரு கோப்புறை இருக்கும், அதில் சப்நெட் என்வ் கோப்பைத் திறந்தால் ஃபிளானல் எம்டியூ என்ற வரியில் 1330 தெரிய வேண்டும். ஒரு பொட்டுக்குள் போய் "ஐபி லிங்க்" பார்த்தாலும் ஈத்0இல் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்தப் பொட் இன்னும் பழையது.

இன்னொன்று, ஆலைப் பக்க வயர்கார்ட்டில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 என்று இருக்கிறதா பாருங்கள். பொது ஐபி இல்லாத பக்கம் சும்மா இருந்தால் வழியிலுள்ள முகவரி மாற்றி அந்த இணைப்பை மறந்துவிடும். அப்புறம் சிங்கப்பூர் பக்கத்திலிருந்து ஆலைக்குள் போக முடியாது.

வந்தாறுமூலை_மாணவி

அக்கா, இதே இழையில் கேட்கலாமா என்று தெரியவில்லை, ஆனால் கிட்டத்தட்ட இதே மாதிரியான விஷயம். வீட்டில் பழைய மடிக்கணினிகளில் குபெஅட்மின் (குபெர்னெட்டீஸ் நிறுவும் கருவி) கொண்டு கிளஸ்டர் நிறுவி, பொட் வலைக்கு கலிகோ போட்டேன். பொட்டுக்குள்ளிருந்து கிளஸ்டருக்குள் உள்ள சேர்விஸ் பெயர்கள் கிடைக்கின்றன. வெளித் தளம் எதன் பெயரும் கிடைப்பதில்லை. நோட்டிலிருந்து எல்லாமே சரியாக வேலை செய்கிறது. இதுவும் எம்டியூவா?

ஒலுவில்காற்று (ஒலுவில்)

தங்கச்சி, உங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரி என்ன? 192.168.1.1ஆ?

வந்தாறுமூலை_மாணவி

ஆம் நானா. மடிக்கணினிகளுக்கு 192.168.1.20, 21 என்று கிடைத்திருக்கிறது.

ஒலுவில்காற்று

அப்படியானால் எம்டியூ இல்லை, முகவரி மோதல். கலிகோவின் மாதிரிக் கோப்பில் பொட்டுகளுக்கு இருக்கும் வீச்சு 192.168.0.0/16. அது 192.168 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் சேர்த்துப் பிடிக்கும். நம்மூர் வீடுகளில் இருக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.1 அல்லது 192.168.8 வரிசையில்தான் முகவரி கொடுக்கின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று.

உங்களுக்கு நடப்பது இப்படி. பொட் ஒரு வெளிப் பெயரைக் கேட்கிறது. கிளஸ்டரின் பெயர்ச் சேவையான கோர்டிஎன்எஸ் அதை நோட் கேட்கும் இடத்துக்கே அனுப்பும், அதாவது வீட்டு ரவுட்டர் 192.168.1.1க்கு. சாதாரணமாகப் பொட்டிலிருந்து வெளியே போகும் பக்கெட்டின் அனுப்புநர் முகவரியை கலிகோ நோட்டின் முகவரியாக மாற்றிவிடும். ஆனால் போகும் இடமும் பொட் வீச்சுக்குள்ளேயே இருந்தால், இது நம் வீட்டுக்குள் நடக்கும் பேச்சு என்று எண்ணி மாற்றாது. ரவுட்டருக்குப் பொட்டின் சொந்த முகவரியோடு கேள்வி போகிறது. அந்த முகவரிக்குத் திரும்ப எப்படி அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. சேர்விஸ் பெயர்களுக்கு கோர்டிஎன்எஸ் தானே பதில் சொல்வதால் அவை மட்டும் கிடைக்கின்றன.

படிக்கும் கிளஸ்டர் என்பதால் அழித்துத் திரும்பப் போடுவதே சுத்தம். "குபெஅட்மின் ரீசெட்" கொடுங்கள். அது சிஎன்ஐ (பொட் வலை) கட்டமைப்புக் கோப்புகளை அழிக்காது. ஈடிசி கோப்புறையில் சிஎன்ஐ, அதற்குள் நெட்.டி, அங்கே கிடப்பதை நீங்கள்தான் அகற்ற வேண்டும். பிறகு பொட் வீச்சு 10.244.0.0/16 என்று சொல்லித் தொடங்குங்கள். கலிகோவின் கோப்பிலும் அதே வீச்சை எழுதுங்கள், இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

நிறுவும் முன் கையால் எழுதிப் பார்க்க வேண்டிய முகவரிகள் நான்கு: வீட்டு அல்லது அலுவலக லான், பொட், சேர்விஸ், விபிஎன் இருந்தால் அது. ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். டொக்கர் இருக்கும் கணினி என்றால் 172.17.0.0/16ஐயும் அந்தத் தாளில் சேருங்கள். பல்கலைக்கழகம், மருத்துவமனை, வங்கி போன்ற பெரிய வளாகங்களில் உள்வலை 10 என்று தொடங்குவது அதிகம். அங்கே கொண்டுபோய் வைப்பதாக இருந்தால் அங்குள்ள நெட்வேர்க் பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள்.

வந்தாறுமூலை_மாணவி

நன்றி நானா. அழித்துப் போட்டேன், வெளிப் பெயர்கள் வருகின்றன. அந்த நான்கு முகவரிகளையும் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன்.

நெல்லறை

வாவிக்கரை அக்கா, மாற்றி முடித்தேன். கோப்பில் 1330, பொட்டுக்குள்ளும் 1330. மாத அறிக்கை ஆலையில் திறக்கிறது. பருவ அறிக்கை அதைவிடப் பெரியது, அதுவும் வந்தது. மிகவும் நன்றி. கீப்அலைவ் இருக்கவில்லை, அதையும் சேர்த்தேன்.

கல்லடிக்கரை

சந்தோசம். இப்போது வேறொன்று சொல்ல வேண்டும். ஆலைக் கணினி அந்தக் கிளஸ்டரில் நோட்டாக இருக்கவே கூடாது என்பது என் எண்ணம். எம்டியூ சரியானதால் இனிப் பிரச்சினை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மாரியில் எத்தனை தரம் கரண்ட் போகும், 4ஜி கோபுரம் எத்தனை தரம் படுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெரும்போக அறுவடையில் லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது சிங்கப்பூரில் இருக்கும் தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் பற்றுச்சீட்டு அடிக்க வேண்டுமா?

நெல்லறை

அண்ணா, இணைப்பு போனாலும் ஆலையில் ஓடும் பொட் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? தரவுத்தளத்தின் ஒரு நகலை ஆலையிலும் வைத்தால் போதாதா? கிளஸ்டர் ஒன்றாக இருந்தால் புதிய பதிப்பை ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றிலும் ஏற்றலாம், எனக்கு அது பெரிய வசதி. பராமரிக்க நான் ஒருவன்தான்.

ஒலுவில்காற்று

தம்பி, நான் கல்லடிக்கரை பக்கம். "பொட் ஓடிக்கொண்டுதானே இருக்கும்" என்ற இடத்தில் நிறையச் சிக்கல் இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இணைப்பு அறுந்தவுடன் பொட் ஓடும், உண்மை. ஆனால் அது தரவுத்தளத்தைப் பெயர் சொல்லித்தான் அழைக்கும். பெயருக்குப் பதில் சொல்வது கோர்டிஎன்எஸ். கே3எஸ் அதை ஒரே ஒரு பொட்டாகத்தான் நிறுவுகிறது. அது சிங்கப்பூர் நோட்டில் உட்கார்ந்திருந்தால், பக்கத்து மேசையில் இருக்கும் தரவுத்தள நகலைக்கூட உங்கள் செயலியால் கண்டுபிடிக்க முடியாது. தரவு ஆலையில், முகவரி கேட்க வேண்டியது சிங்கப்பூரில்.

சரி, கோர்டிஎன்எஸ்ஸை ஆலையிலும் வைத்தீர்கள் என்று கொள்வோம். நோட்டிடமிருந்து சேதி வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டுப் பகுதி அதை நொட்-ரெடி என்று குறிக்கும். அதன்பின் 300 விநாடி பொறுக்கும். பொறுத்து முடிந்ததும் அந்த நோட்டின் பொட்டுகளை நீக்கக் குறித்துவிட்டு, டெப்ளோய்மென்ட் (எத்தனை பொட் ஓட வேண்டும் என்ற அமைப்பு) வழியாக வந்தவற்றுக்கு வேறு நோட்டில் மாற்றுப் பொட் எழுப்பும். ஆலைக் கணினிக்கு இந்தச் சேதி தெரியாது, பொட் ஓடிக்கொண்டே இருக்கும். இணைப்புத் திரும்பி வரும் நேரம் பார்த்து, அதுவரை நன்றாக ஓடிய பொட்டை நிறுத்திவிடும். ஆலைக்காரர் "லைன் வந்தது, மென்பொருள் போய்விட்டது" என்று உங்களுக்கு அழைப்பார். பொறுக்கும் நேரத்தை நீட்டி இதைத் தவிர்க்கலாம், அது வேறு.

நீட்ட முடியாதது இது: கரண்ட் போய்க் கணினி நின்று, கரண்ட் வந்து இணைப்பு வராமல் இருந்தால் ஒரு பொட்டும் எழும்பாது. தான் எதை ஓட்ட வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு நோட்டிடம் கேட்டுத்தான் ஆலை நோட்டுக்குத் தெரியும். கேட்க வழியில்லை. எங்கள் பக்கம் காற்று மழையில் கரண்டும் கோபுரமும் சேர்ந்தே படுக்கும், கரண்ட் முதலில் வரும். ஒலுவிலில் நடந்தால் சம்மாந்துறையிலும் அதுதான்.

வாவிக்கரை

நானா சொன்ன கடைசி விஷயம் போதும், நானும் ஒத்துக்கொள்கிறேன். கிளஸ்டரை அப்படியே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்காவது இருந்தால் ஒரு குறிப்பு: கோரிக்கைகளைப் பொட்டுகளுக்குப் பிரித்தனுப்பும் குபெ-ப்ரொக்ஸி, சேர்விஸின் பின்னால் உள்ள பொட்டுகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், பக்கத்தில் இருப்பது எது என்று பார்ப்பதில்லை. ஆலையில் ஒரு பொட், சிங்கப்பூரில் ஒரு பொட் என்றால் ஆலையிலிருந்து எழும் கோரிக்கைகளில் ஏறக்குறையப் பாதி கடல் தாண்டிப் போய்வரும். சேர்விஸில் இன்டர்னல் டிராஃபிக் பொலிசி லோக்கல் என்று போட்டால் அதே நோட்டிலுள்ள பொட்டுக்கு மட்டும் போகும். அங்கே பொட் இல்லாவிட்டால் கோரிக்கை விழும். அந்த விலையைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

நெல்லறைக்கு நான் சொல்வது: ஆலையில் தனியாக ஒரு ஒற்றை நோட் கே3எஸ். தரவுத்தளம் அங்கேயே. பற்றுச்சீட்டு அங்கேயே அடிக்கப்படட்டும். பதிந்த ஒவ்வொன்றும் அனுப்ப வேண்டியவை என்ற அட்டவணையில் விழட்டும், இணைப்பு இருக்கும்போது எச்டிடிபிஎஸ் வழியாகச் சிங்கப்பூருக்குப் போகட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆலையிலேயே தனி அடையாள எண் கொடுத்தால், ஒரே பதிவு இரண்டு தரம் போனாலும் சிங்கப்பூர் பக்கம் ஒன்றாகவே வைக்கும். ஒரே மேனிஃபெஸ்ட் (யமல் கோப்பு) இரண்டு இடத்துக்கும் பொருந்தும், ஆகவே உங்கள் வசதியும் பெரிதாகக் குறையாது.

கல்லடிக்கரை

ஒற்றைக் கணினிக்கு டொக்கர் கொம்போஸே போதும் அக்கா, ஒரே கோப்பில் எழுதிக் கன்டெய்னர்களை ஓட்டலாம். நெட்வேர்க்கும் எளிது. கொம்போஸ் தனக்கென ஒரு வலையை உருவாக்கும், அதற்குள் கன்டெய்னர்கள் பெயர் சொல்லி அழைக்கலாம், பெயர்களுக்கு 127.0.0.11 பதில் தரும். சிஎன்ஐ, ஃபிளானல், விஎக்ஸ்லான் எதுவும் வேண்டாம். அறிய வேண்டியது குறைந்தால் இரவில் எழும்ப வேண்டியதும் குறையும்.

வாவிக்கரை

குறையும், மறுக்கவில்லை. ஆனால் கொம்போஸ் என்றால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு 5432 என்று போர்ட் வெளியிட்டால் அது கணினியின் எல்லா முகவரிகளிலும் திறக்கும், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலில் அடைத்திருந்தாலும் திறக்கும். டொக்கர் தன் விதிகளை லினக்ஸின் பக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதுவதால் யூஎஃப்டபிள்யூவின் விதிகள்வரை அந்தப் பக்கெட் போவதே இல்லை. ஆலையின் வைஃபையில் இணைந்த எவருடைய தொலைபேசியும் தரவுத்தளத்தின் வாசல்வரை வந்துவிடும். 127.0.0.1:5432:5432 என்று எழுதினால் அந்தக் கணினிக்குள் மட்டும். அல்லது வெளியிடவே வேண்டாம், செயலி கன்டெய்னர் அதே வலைக்குள் இருக்கிறதே.

இரண்டுமே வேலை செய்யும். சிங்கப்பூர் பக்கம் கே3எஸ் ஓடுவதால் இங்கும் அதையே வைத்திருப்பது ஒருவருக்கு இலகு என்பது என் கணிப்பு.

வந்தாறுமூலை_மாணவி

இடையில் ஒரு கேள்வி. பாடத்தில் சொன்னபடி நெட்வேர்க் பொலிசி (எந்தப் பொட் எதோடு பேசலாம் என்ற விதி) போட்டு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, செயலியிலிருந்து தரவுத்தளத்துக்கு 5432 மட்டும் திறந்தேன். செயலி தரவுத்தளத்தைக் காணவில்லை என்கிறது. ஐபி கொடுத்தால் இணைகிறது.

வாவிக்கரை

ஐபிக்கு இணைகிறது, பெயருக்கு இல்லை என்றால் டிஎன்எஸ் அடைபட்டுவிட்டது. வெளிச்செல்லும் பக்கத்தையும் அடைத்திருக்கிறீர்கள் அல்லவா? கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸில் கோர்டிஎன்எஸ் பொட்டுகளுக்குப் போகும் போர்ட் 53ஐத் திறவுங்கள், யூடிபியும் டிசிபியும். யூடிபி மட்டும் திறந்தால் பெரிய பதில் வரும் நாளில் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஒலுவில்காற்று

கூடவே தெரிந்து வைக்க வேண்டியது: பொலிசியை எழுதினால் மட்டும் காவல் வராது, அதை அமுல்படுத்த ஒருவர் வேண்டும். கலிகோ செய்யும். வெறும் ஃபிளானல் செய்யாது. பொலிசி கோப்பை ஏற்றுக்கொள்ளும், பக்கெட்டும் வழக்கம்போலப் போய்வரும். கே3எஸ் தன்னுள்ளேயே அதற்கொரு பகுதியைச் சேர்த்திருப்பதால் அங்கே நடக்கும். எங்கே நிறுவினாலும் அடைத்துவிட்டு ஒரு பொட்டிலிருந்து கர்ல் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போட்டு, உண்மையில் அடைபட்டதா என்று பாருங்கள்.

நெல்லறை

எல்லோருடைய பதிலையும் வாசித்துவிட்டு ஆலை உரிமையாளரோடு பேசினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "லைன் இல்லாட்டியும் துண்டு அடிக்குமா?" (துண்டு என்றால் பற்றுச்சீட்டு.) ஆலையில் தனி கே3எஸ் போட முடிவு செய்துவிட்டேன். அனுப்ப வேண்டியவை அட்டவணையும் எழுதியாயிற்று. ரவுட்டரை நிறுத்திவிட்டுப் பற்றுச்சீட்டு அடித்துப் பார்த்தேன், அடித்தது. ரவுட்டரைப் போட்டதும் பதிவுகள் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தன. கணினியை நிறுத்தி, இணைப்பில்லாமல் எழுப்பியும் பார்த்தேன் நானா, பொட்டுகள் எழும்பின.

இப்போதைக்குக் கணினியில் சோதனை அமைப்புத்தான், அசலை இனித்தான் நிறுவப் போகிறேன். வயர்கார்ட்டை எடுக்கவில்லை, தூரத்திலிருந்து பராமரிக்க வேண்டும். நிந்தவூரிலும் ஓர் ஆலை கேட்கிறது. இரண்டு ஆலைக்கும் ஒரே முகவரி வீச்சை விடலாமா?

ஒலுவில்காற்று

எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் பேசினால் ஒரே வீச்சு இருந்தாலும் ஓடும், பொட் முகவரி வெளியே தெரிவதில்லை. ஆனால் வயர்கார்ட் வைத்திருக்கிறீர்கள். என்றோ ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து நேரே ஆலைப் பொட் ஒன்றைப் பார்க்க வேண்டிவரும், அன்றைக்கு கே3எஸ் வழக்கமாகக் கொடுக்கும் 10.42 என்பது எந்த ஆலை என்று ரவுட்டிங்குக்குத் தெரியாது. கிளஸ்டரை நிறுவிய பிறகு பொட் வீச்சை மாற்றுவது என்றால் ஏறக்குறையத் திரும்ப நிறுவுவதுதான். இப்போது மாற்ற ஒரு செலவும் இல்லை.

சிங்கப்பூர் இருக்கிறபடி இருக்கட்டும்: பொட் 10.42.0.0/16, சேர்விஸ் 10.43.0.0/16. சம்மாந்துறைக்கு 10.52, 10.53. நிந்தவூருக்கு 10.62, 10.63. கிளஸ்டர் டிஎன்எஸ் முகவரியும் சேர்விஸ் வீச்சுக்குள் இருக்க வேண்டும், 10.53.0.10, 10.63.0.10 என்று வையுங்கள். ஆலைகளின் லான் 192.168இல் இருப்பதால் மோதாது. ஆனால் இரண்டு ஆலையிலும் ரவுட்டர் 192.168.8.1 என்றிருந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள், அச்சுப்பொறியைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது உதவும்.

வாவிக்கரை

நிந்தவூர் ஆலைக்குப் போகும்போது அங்கே நின்றே பிங்கை அளந்துவிடுங்கள் தம்பி. இணைப்பு வேறு என்றால் 1380 அங்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நெல்லறை

சரி அக்கா. வரும் கிழமை போகிறேன், அளந்து எண்ணை இங்கே போடுகிறேன்.